ஹெட்ட இழைச்சா மைலேஜ் வருமா? (குடும்பக் குரூப்)

கார்த்தி: சித்தப்பா, வண்டி 60 குடுத்துட்டிருந்துச்சு, இப்ப 52தானுங்க. ஹெட்ட (சிலிண்டருக்கு மேல இருக்கற மூடி) லேத்துல முக்கா எம்எம் சீவி ஃபேசிங் அடிச்சா கம்ப்ரஷன் ஏறி மைலேஜ் வரும்ங்கறாரு மெக்கானிக். பண்ணலாங்களா?

சித்தப்பா: அந்த 100 சிசி வண்டிதானே கண்ணு? அவசரப்பட்டு ஹெட்டக் கழட்டீராத.

சித்தப்பா: போர், அதாவது சிலிண்டரோட அகலம், 50 எம்எம். முக்கா எம்எம் எடுத்தா ஒன்றரை சிசி இடம் குறையும். காத்து-பெட்ரோல் கலவைய 9:1 அமுக்கற கம்ப்ரஷன் 10:1 ஆயிரும். கணக்குப்படி மிச்சம் 3 சதவீதம். 52, 53½ ஆகும். ரோட்டுல அதுவும் வராது.

ரேவதி அக்கா: அப்புறம் ஏனுங் சித்தப்பா கார் கம்பெனிக்காரங்க மட்டும் ஏத்தீட்டே போறாங்க?

சித்தப்பா: அவங்க இன்ஜினையே அதுக்குன்னு கட்டறாங்கம்மா. மாஸ்டா 2012 சிஎக்ஸ்-5ல 14:1 வரைக்கும் போனான். எரிஞ்ச சூட்டுக் காத்து திரும்ப உள்ள வராம இருக்க எக்ஸாஸ்ட் பைப்ப நீளமா வளைச்சு வெச்சான், பிஸ்டன் தலைல குழி போட்டான், பெட்ரோல நேரா சிலிண்டருக்குள்ளயே அடிச்சுக் குளிர வெச்சான். இவன் வண்டி காத்துல ஆறுது, கார்புரேட்டர், கம்ப்ரஷன் ஏறுனா நாக்கிங் வரும், அதக் கண்டுபிடிக்கற சென்சாரும் கிடையாது.

கார்த்தி: நாக்கிங் வந்தா என்னாகுங்?

சித்தப்பா: மேட்டுல டாப் கியர்ல முறுக்குனா டப்பால சில்லறையக் குலுக்கற மாதிரி கேக்கும். பிளக் பத்த வெச்ச தீ வந்து சேர்றதுக்குள்ள ஓரத்துக் கலவை தானா வெடிக்குது. விட்டா பிஸ்டன்ல ரிங் உக்கார்ற எடம் உடையும், ஓட்டையே விழும். பிளக் பத்த வெக்கற நேரத்த (இக்னிஷன் டைமிங்) பின்னால தள்ளுனா சத்தம் நிக்கும், அந்த 3 சதவீதமும் போயிரும்.

சித்தப்பா: ஹெட் இறங்குனா டைமிங் செயின் தொளதொளன்னு ஆகும், வால்வு திறந்து மூடற நேரம் (கேம் டைமிங்) மாறும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இருக்கற எடமும் குறையும். சீவுன அலுமினியத்தத் திரும்ப ஒட்டவும் முடியாது.

கார்த்தி: இப்ப 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல்தானே ஊத்தறோம், எத்தனால்ல ஆக்டேன் (நாக்கிங்கத் தாங்கற அளவு) கூடன்னாங்க?

சித்தப்பா: கூடத்தான், 108 பக்கம். ஆனா லிட்டருக்கு வெப்பம் பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி. 60க்கு 52ன்னா 13 சதவீதம் போயிருக்கு. எத்தனால் அதுல பாதிக்கு மேல தின்னாது. மீதி எங்க போகுதுன்னு பாக்கோணும். 3 சதவீதத்துக்கு ஹெட்ட வெட்டறத விட அதத் தேடறது மேல்.

ரேவதி அக்கா: கார்த்தி, மைலேஜ எப்படிடா பாத்த?

கார்த்தி: பெட்ரோல் முள்ளப் பாத்துதாங்கா

சித்தப்பா: முள்ள நம்பாத. டேங்க நிரப்பி ஓட்டு, மறுக்கா அதே பங்க்ல நிரப்பி லிட்டரையும் கிலோமீட்டரையும் எழுதி வையி. ஞாயித்துக்கிழமை வண்டிய இங்க கொண்டா. டாப்பெட் (வால்வு இடைவெளி), ஏர் ஃபில்டர், பின் பிரேக் ஷூ உரசுதான்னு பாத்தரலாம். பிளக் வெள்ள வெளேர்னு இருந்தா கலவைல பெட்ரோல் பத்தாம வறண்டு போகுதுன்னு அர்த்தம், கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற ஜெட்டயும் பாக்கோணும்.

கார்த்தி: சரிங்க சித்தப்பா. லேத்துக்காரர்ட்ட வேண்டாம்னு சொல்லிர்றேன்.