லூசிட் ட்ரீம் பழகுறப்ப அமுக்குவான் வந்தா என்ன பண்றது?

ராக்கோழி_ஒத்தியூர்:
வைல்ட் முறையில லூசிட் ட்ரீம், அதாவது கனவுன்னு தெரிஞ்சே கனவு காண்றதை, ட்ரை பண்றேன். விடிகாலையில எழுந்து, திரும்ப மல்லாக்கப் படுத்து, உடம்பைத் தூங்க விட்டுட்டு முழிப்போட கனவுக்குள்ள போற முறை. பாதியிலயே கட்டிப்போட்ட மாதிரி ஆயிடுது. நெஞ்சுல பாரம், காதுல ‘கொய்ங்’னு சத்தம், வாசப்படிகிட்ட யாரோ நிக்கிற மாதிரி. மணலியில ஷிஃப்ட் வேலை. அமுக்குவான் பேய்தான், தலகாணிக்கு அடியில இரும்பு வைன்னு ஆயா சொல்றாங்க. மூச்சு நின்னுடுமா? அந்த நேரத்துல என்ன பண்ணணும்? இதைத் தாண்டாம லூசிட் ட்ரீம் வரவே வராதா?

பாய்_தலகாணி:
மூச்சு நிக்காது ப்ரோ. ஏன்னு புரிஞ்சா பாதி பயம் போயிடும்.

கனவு ஓடுற ரெம் தூக்கத்துல மூளைத்தண்டு, கிளைசின், காபான்னு ரெண்டு ரசாயனத்தை வெச்சு கை கால் தசைக்குப் போற நரம்பை அடக்கிடும். இல்லன்னா கனவுல ஓடுறப்பல்லாம் பக்கத்துல படுத்திருக்கறவருக்கு உதை விழும். இதுல தப்பிக்கிறது முக்கியமா ரெண்டு: கண்ணு, உதரவிதானம். 1975ல இங்கிலாந்துல கீத் ஹெர்ன், அப்புறம் ஸ்டான்ஃபோர்டுல ஸ்டீபன் லபெர்ஜ், லூசிட் ட்ரீம் நிஜம்னு நிரூபிச்சதே கண்ணை வெச்சுத்தான். கனவுக்குள்ள இருக்கறவர் முன்னாடியே பேசி வெச்ச மாதிரி கண்ணை இடம் வலமா ஆட்டுவார், வெளியில மெஷின்ல கோடு விழும்.

உதரவிதானம் ஓடுறதால மூச்சு தானா போய்ட்டு வரும். ஆனா விலா எலும்புக்கு நடுவுல இருக்கற தசை தளர்ந்து கிடக்கும். நீங்க பயந்து நெஞ்சை விரிச்சு இழுத்தா வராது. வரலன்னதும் ‘எவனோ மேல ஏறி உக்காந்துட்டான்’னு மூளை கதை கட்டும். வாசல்ல நிக்கிற ஆளும் அப்படித்தான். ஆணியில மாட்டின சட்டை ஆளாயிடும், டேபிள் ஃபேன் சத்தம் குசுகுசுன்னு பேச ஆரம்பிக்கும். பாதி மூளை இன்னும் கனவுலதான் இருக்கு.

வந்துடுச்சுன்னா எழுந்து உக்காரப் பாக்காதீங்க. மொதல்ல கண்ணை மூடுங்க, ஆளு காணாமப் போவான். மூச்சை இழுக்கற வேலையை விட்டுட்டு, வயிறு ஏறி இறங்கறதை மட்டும் எண்ணுங்க. அப்புறம் கால் கட்டைவிரல், இல்ல நாக்கு நுனி, ஒண்ணை மட்டும் லேசா அசைங்க. பெரும்பாலும் சில விநாடியில, மிஞ்சினா ரெண்டு நிமிஷத்துல விட்டுடும்.

விட்டதும் ‘அப்பாடா’ன்னு அப்படியே திரும்பப் படுத்தா அடுத்த ரவுண்டு கேரண்டி. எழுந்து உக்காந்து, முகம் கழுவி, அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒருக்களிச்சுப் படுங்க.

கனவுக்கணக்கு:
கட்டைவிரல் விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. அசைக்கப் பார்த்து அசையலன்னா பயம்தான் ஏறும். பயம் ஏறினா முழிப்பு ஏறும், ஆனா தசை இன்னும் பூட்டியே இருக்கும். தசையைத் தொடவே தொடாம, ‘இது தூக்கத்தோட பூட்டு, தானா திறக்கும்’னு மனசுல சொல்லிட்டு, பிடிச்ச ஒரு விஷயத்துல கவனத்தை ஊன்றதுதான் மேல். சாமி பேரோ, பாட்டு வரியோ, எதுவா இருந்தாலும் சரி. அதைப் பகல்லயே படுத்துட்டுப் பழகி வெக்கணும். அந்த நேரத்துல புதுசா யோசிக்க வராது.

மூணாவது கேள்விக்கு வர்றேன். லூசிட் ட்ரீமுக்கு அமுக்குவான் டோல்கேட் இல்ல தம்பி. நீங்க புடிச்ச வழிதான் அந்தப் பக்கம் போகுது. வைல்டு, அதுவும் மல்லாக்க, அதுவும் தூக்கம் கெட்ட ஷிஃப்ட் உடம்புல. மூணும் சேர்ந்தா வராம என்ன பண்ணும்? மைல்டுன்னு இன்னொரு முறை இருக்கு, அதுக்கு மாறுங்க. அதுல முழிப்போட உள்ள போற வேலையே கிடையாது. சாதாரணமா தூங்கி, கனவு நடக்குறப்ப அதைக் கண்டுபிடிக்கிறீங்க.

2 மணி–10 மணி ஷிஃப்ட் வாரம்தான் இதுக்கு ஏத்தது. 12க்குப் படுத்தா 5க்கு எழுந்திருங்க. கடைசி ரெண்டு மூணு மணி நேரத் தூக்கத்துலதான் ரெம் நீளமா ஓடும். 20–30 நிமிஷம் முழிச்சிருங்க, செல்லைத் தொடாதீங்க. கடைசியா வந்த கனவை நோட்டுல மூணு வரி எழுதுங்க. அதுல எது நடக்கவே நடக்காத விஷயம்னு தேடுங்க. இறந்துபோன தாத்தா காசிமேட்டுல மீன் ஏலம் எடுத்தாருன்னா அதுதான் உங்க அடையாளம். ஒருக்களிச்சுப் படுத்து, அதே கனவை மனசுல திரும்ப ஓட்டி, தாத்தா வர்ற இடத்துல ‘இது கனவு’ன்னு நீங்க கண்டுபிடிக்கிற மாதிரி மாத்திப் பாருங்க. ‘அடுத்த கனவுல கண்டுபிடிப்பேன்’னு சொல்லிட்டே தூங்கிடுங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். 8 மணி வரைக்கும் படுத்து, தூக்கத்தைச் சரிக்கட்டிடுங்க.

நைட் ஷிஃப்ட் வாரத்துல தொடவே தொடாதீங்க. ரெம் வர்ற வேகம் விடிகாலையிலயும் காலையிலயும்தான் ஜாஸ்தி. வேலை முடிச்சு காலையில படுத்தா சீக்கிரமே ரெம்முக்குள்ள விழ வாய்ப்பு இருக்கு, அமுக்குவானுக்கு அது தோதான நேரம்.

பகல்ல பத்து தடவை மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மூச்சு வருதான்னு பாருங்க. பழகிட்டா கனவுலயும் தானா செய்வீங்க. கனவுல பொத்தினாலும் மூச்சு வரும், அதை வெச்சு கனவுன்னு கண்டுபிடிச்சிடலாம். சுவிட்ச் போட்டா லைட் எரியலன்னா கனவுன்னு ஒரு டெஸ்ட் சொல்வாங்க. நம்ம ஏரியாவுல அது செல்லாது, ஈபிக்காரங்களுக்கே வெளிச்சம்.

ராக்கோழி_ஒத்தியூர்:
நன்றிண்ணா. ஹால்ல அஞ்சு பேர் பாய் போட்டுப் படுக்கறோம். 5 மணிக்கு அலாரம் அடிச்சா வீட்டுல அடி விழும். அப்புறம், தூக்கத்துல தானா மல்லாக்கத் திரும்பிடறேன்.

பாய்_தலகாணி:
செல்லைத் தரையில வெச்சா வைப்ரேஷன்ல மொத்த ஹாலும் எழுந்துக்கும். வைப்ரேஷன்ல போட்டு, துண்டுல சுத்தி, தலகாணி உறைக்குள்ள சொருகுங்க. அதுவும் வேணாம்னா படுக்கறப்ப ஒரு பெரிய டம்ளர் தண்ணி குடிங்க, உடம்பே எழுப்பிடும்.

திரும்பறதுக்கு, பழைய பனியன் முதுகுல ஒரு பை தைச்சு ரப்பர் பந்து போட்டுக்கோங்க. இல்லன்னா போர்வையைச் சுருட்டி முதுகுக்கு அண்டக் குடுங்க.

வண்ணாரப்பேட்டை_அக்கா:
ரெண்டு பேரும் விட்டதை நான் சொல்றேன். ராத்திரி சரக்கு போட்டா முதல் பாதியில ரெம் அமுங்கி, பின்பாதியில பொங்கிட்டு வரும். மனச்சோர்வு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினாலும் இதே கதைதான். டாக்டரைக் கேக்காம நிறுத்தக் கூடாது. லூசிட் ட்ரீமுக்குன்னு நெட்டுல சொல்ற கேலண்டமைன், ஞாபக மறதி நோய்க்குக் குடுக்கற மருந்து. வாந்தி வரும், இதயத் துடிப்பு குறையலாம். வேணாம்ப்பா.

பகல்ல அடக்க முடியாம தூக்கம் சொக்குதா? சிரிச்சாலோ கோவம் வந்தாலோ முட்டி மடங்குதா? அப்படின்னா நார்கோலெப்சிங்கற தூக்க நோயா இருக்கலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில நரம்பியல் பிரிவுல காட்டுங்க. குறட்டையோட மூச்சு விட்டு விட்டு வருதுன்னு வீட்டுல சொன்னாலும் காட்டணும்.

இரும்பு விஷயத்துல ஆயாவோட சண்டை போடாதீங்க. வெச்சா மனசுக்குத் தைரியம்னா வெச்சுக்கோங்க. ஆனா சாவி, இல்ல ஆணி போதும். அரிவாமனையைக் கொண்டாந்து வெக்கப் போறாங்க, அதை மட்டும் தடுங்க.