இலவம்பஞ்சு தலகாணிக்கு கவர் தைக்கிறேன், அடியில நூல் லூப் லூப்பா வருது, ஹெல்ப் ப்ளீஸ்

சத்துவாச்சாரி_வாசி:
வணக்கம் பா எல்லாருக்கும். மாமியாரோட பழைய மிதி மெஷின் சும்மாதான கெடக்குதுன்னு அதுல தலகாணி கவர் தைக்க உக்காந்தேன். எங்க வீட்டு தலகாணிங்க எல்லாமே இலவம்பஞ்சு, நல்லா அடைச்சு குண்டா இருக்கும், ரெடிமேட் 17க்கு 27 இன்ச் கவர் போட்டா வாய் மூடவே மூடாது, அதான் நாமளே தைச்சிக்கலாம்னு. பட்டன் ஜிப் எதுவும் வேணாம், வாயை உள்ள சொருகுற மாடல்.

இப்ப ரெண்டு பிரச்சன. மேல பாத்தா தையல் அழகா இருக்கு, திருப்பி பாத்தா அடியில நூல் தொளதொளன்னு லூப்பா நிக்குது, இழுத்தா அப்டியே உருவிக்கினு வந்துடுது. அடி நூல் இருக்குற பாபின் கேஸோட ஸ்க்ரூவ டைட் பண்ணி பாத்தேன், ஒண்ணும் மாறல. ரெண்டாவது, வாய்ப்பக்கம் மடிப்பு மேல மடிப்பா வர்ற எடத்துல நூல் பட்டு பட்டுன்னு அறுந்துடுது. ஊசி 14 நம்பர், நூல் சாதா காட்டன் நூல்தான். என்ன பண்ணலாம்?

காட்பாடி_டெய்லர்:
அந்த பாபின் ஸ்க்ரூவ முதல்ல பழையபடி வச்சிடுங்கமா. அடியில லூப் வந்தா கோளாறு அடியில இல்ல, மேல் நூல்லதான். எல்லாரும் கீழ தெரியுதேன்னு பாபினையே நோண்டுவாங்க, அப்புறம் ரெண்டு பக்கமும் கெட்டு அதை சரி பண்ணவே அரை நாள் போயிடும்.

ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ஊசில கோக்காம, மேல் நூலை இறுக்கிப் புடிக்கிற டென்ஷன் தட்டு வரைக்கும் மட்டும் நூல் போட்டு, துணிய அமுக்குற ஃபுட்ட கீழ இறக்கிட்டு நூலை இழுங்க. கைக்கு இறுக்கமா வரணும். ஃபுட்ட தூக்குனா லேசா வரணும். ரெண்டுலயும் லேசா வந்தா நூல் அந்த ரெண்டு தட்டுக்கும் நடுவுல உக்காரல, இல்லாட்டி உள்ள ஏதோ மாட்டியிருக்கு. எப்பவும் ஃபுட்ட தூக்கி வச்சிதான் நூல் கோக்கணும், இறக்கி வச்சி கோத்தா தட்டு மூடிக்கும், நூல் மேலயே நின்னுடும்.

சத்துவாச்சாரி_வாசி:
அண்ணா ஃபுட் இறக்குனாலும் தூக்குனாலும் ஒரே மாதிரி லேசாதான் வருது!

காட்பாடி_டெய்லர்:
அப்ப அதேதான். காட்டன் துணிய நாலா மடிச்சி, ஃபுட்ட தூக்கி வச்சிக்கினு தட்டுக்கு நடுவுல விட்டு முன்ன பின்ன இழுங்க. பழைய மெஷின்ல எண்ணையும் பஞ்சும் சேந்து பிசின் மாதிரி ஆயிருக்கும்.

ஆற்காடு_ஆயா:
இன்னாமா இதுக்கு போயி பயந்துக்கினு கீற. மிஷின் ரொம்ப நாளு ஓடாம இருந்தா இப்டிதான் மக்கர் பண்ணும், ரெண்டு சொட்டு எண்ண வுட்டு சும்மா மெரிச்சி ஓட்டு, அப்பால பழைய துணில ஓட்டிட்டு புதுத்துணில கை வையி, இல்லன்னா எண்ண கறை ஆயிடும். தேங்காண்ணைய மட்டும் வுட்டுடாத, இறுகிப் பூடும். ஆரம்பிக்க சொல்ல ரெண்டு நூலு நுனியவும் பின்னால புடிச்சிக்கோ.

சத்துவாச்சாரி_வாசி:
தட்டுக்குள்ள இருந்து எப்பவோ அறுந்த சேப்பு நூல் துண்டு ஒண்ணு வந்துச்சு! லூப் போயிடுச்சு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுது. ரொம்ப தேங்க்ஸ் அண்ணா, தேங்க்ஸ் ஆயா. ஆனா மொத்தமான எடத்துல இன்னும் அறுக்குது.

தையல்_பைத்தியம்:
நான் சொல்றேன் அக்கா. நீங்க பிசிறு தெரியாம இருக்க உள்மடிச்ச தையல் போடுறீங்கன்னு நெனைக்கிறேன், அதாவது பிரெஞ்ச் சீம். அதுல வாய் பக்கம் மூணு அடுக்கு வந்து, அதுவும் மறுபடி மடிஞ்சி, ஓரம் மடிச்சி அடிச்சதும் அங்கயே சேந்துக்கும், 14 ஊசி திணறும். அந்த எடத்துக்கு மட்டும் 16 ஊசி போடுங்க, மிதிக்காம கையால வீலை சுத்தி ஒவ்வொரு தையலா தாண்டுங்க, தையல் நீளத்தையும் கொஞ்சம் கூட்டிக்கோங்க.

அளவு எப்டி எடுத்தீங்க? படுக்க வச்சி நீளம் அகலம் எடுத்தா குண்டு தலகாணிக்கு சின்னதாதான் வரும். நடுவுல டேப்பை சுத்தி எடுத்து பாதி ஆக்கணும். குறுக்க சுத்துனா 38னா அகலம் 19, நீளவாக்குல சுத்துனா 58னா நீளம் 29. இதுதான் தைச்சு முடிச்ச அளவு.

சத்துவாச்சாரி_வாசி:
ஆமா பிரெஞ்ச் சீம்தான். நான் 18க்கு 28தான் வெட்டி வச்சிருக்கேன், டேப் சுத்தி பாத்தா நீங்க சொன்ன அதே 19, 29தான் வருது. புதுசா துணி எடுக்கணும். எவ்ளோ எடுக்கட்டும்?

தையல்_பைத்தியம்:
ஒரே நீள துணியா வெட்டுங்க. 29, இன்னொரு 29, உள்ள சொருக 7, ரெண்டு முனைலயும் ஓரம் மடிக்க ஒவ்வொரு இன்ச், மொத்தம் 67. அகலம் 20 கால், பிரெஞ்ச் சீமுக்கு பக்கத்துக்கு அரை இன்ச்சுக்கு மேல போகும். 44 இன்ச் அகல துணின்னா பக்கத்துல பக்கத்துல ரெண்டு கவர் வந்துடும், 2 மீட்டர் போதும். ஆனா வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ நனைச்சி காயவச்சி அயர்ன் பண்ணிடுங்க, காட்டன் சுருங்கும், தைச்சப்புறம் சுருங்கினா மறுபடி அதே டைட்டுதான்.

பிரெஞ்ச் சீம்ல மடிக்கிற வரிசை முக்கியம். உல்டா பக்கம் மேல வச்சி, 7 இன்ச் சொருகுறத முதல்ல மடிங்க, அது மேல பின்பக்கத்த போடுங்க. கால் இன்ச்சுல ஒரு தையல், ஓரத்த ட்ரிம் பண்ணுங்க, உல்டாவா திருப்பி முக்காலுக்குப் பாதி, அதாவது 3/8 இன்ச்சுல இன்னொரு தையல். சாதா தையலா போட்டா வரிசை தலைகீழ், நல்ல பக்கம் மேல, சொருகுறது கடைசில.

குடியாத்தம்_தறி:
அகலமான துணி வேணும்னா லுங்கி எடுங்க சிஸ்டர், எங்க ஊரு லுங்கியே. 2 மீட்டர் நீளம் வரும், ஒண்ணுல ரெண்டு கவர், மூட்டியிருந்தா பிரிச்சிடுங்க. புதுசுல கஞ்சி இருக்கும், கருஞ்சேப்பு பச்சைன்னா மொத தடவ தனியா அலசுங்க.

ஆற்காடு_ஆயா:
லுங்கி மேலுக்குதான் சரி கண்ணு. இலவம்பஞ்சு துணி நூலுக்கு நடுவுல இருந்து நழுவி வெளிய பூடும், உள்ளாற நெருக்கமா நெய்ஞ்ச துணில ஒரு பைய தைச்சி போடு. அந்தப் பஞ்ச தண்ணில மட்டும் போட்டுடாத, கட்டி கட்டியா ஆயிடும், நம்மூரு வெயில்ல மொட்டமாடில காய வையி போதும்.

சத்துவாச்சாரி_வாசி:
சரிங்க ஆயா. வேலூர் லாங் பஜார் போறேன், மேலுக்கு லுங்கியும் உள்ளுக்கு நெருக்கமா நெய்ஞ்ச துணியும் வாங்கிட்டு வந்து வெட்டிட்டு சொல்றேன். 16 ஊசியும் அங்கயே பாத்துக்கறேன்.