பத்து சென்ட் காய்கறித் தோட்டத்துக்கு 1,500 ரூபாயில் எந்த விதைகளை வாங்கலாம்?

கேள்வி – குலசேகரம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். வீட்டை ஒட்டியுள்ள பத்து சென்ட் நிலத்தில் இதுவரை மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) மட்டுமே நட்டு வந்தோம். இந்த ஆண்டு அங்கே வெண்டை, பயறு (தட்டைப்பயறு), பாவைக்காய் (பாகற்காய்), புடலை, வழுதலங்காய் (கத்தரிக்காய்) ஆகிய ஐந்தையும் போட்டு, வீட்டுத் தேவை போக மீதியை ஓணச் சந்தைக்குக் கொடுக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். என் கணவர் ரப்பர் பால் வெட்டும் வேலைக்குச் செல்கிறார். மழை தொடங்கினால் பல நாட்கள் வெட்டு நின்றுவிடும் என்பதால், விதைக்கென்று 1,500 ரூபாய்க்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது.

சென்ற ஆண்டு, விவரம் அச்சிட்ட அட்டை எதுவும் இல்லாமல் சில்லறையாக நிறுத்துக் கொடுத்த வெண்டை விதையை, விலை குறைவு என்பதற்காக வாங்கி நட்டேன். நூறு குழிகளில் முப்பத்துநான்கில் மட்டுமே முளை வந்தது. வந்த செடிகளிலும் பாதிக்கு மேல் இலை நரம்புகள் மஞ்சளாகி, காய்கள் வெளுத்துப்போயின. இம்முறை கடையில் வீரிய ஒட்டு விதையைத்தான் (இரு ரகங்களைக் கலந்து உருவாக்கிய விதை) வாங்கச் சொல்கிறார்கள். ஆனால் ஐந்துக்கும் அதையே வாங்க என் கையிருப்பு போதாது. எதற்குச் செலவழிக்க வேண்டும், எதில் மிச்சப்படுத்தலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – பூதப்பாண்டி விவசாயி

சகோதரி, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நரம்பு மஞ்சளானது மஞ்சள் நரம்புத் தேமல் என்னும் நச்சுயிரி நோய். அது விதை வழியாக வருவதில்லை, வெள்ளை ஈக்கள்தான் செடிக்குச் செடி கொண்டு சேர்க்கின்றன. ஆகவே முளைக்காமல் போனது விதையின் குறை என்றால், மஞ்சளானது அந்த ரகத்துக்குத் தாங்கும் தன்மை இல்லாததால் நேர்ந்தது. நீங்கள் சில்லறையில் வாங்கியதால் அது என்ன ரகம் என்று கேட்கவே வழியில்லாமல் போயிற்று. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா அனாமிகா, இந்நோயைத் தாங்குவதற்காகவே உருவாக்கப்பட்ட ரகம். அது ஒட்டு விதை அல்ல என்பதால் விலையும் கைக்கு அடங்கும்.

விலையைப் பொட்டலத்தின் மேல் பார்க்காமல், முளைத்து நிற்கும் நாற்றின் மேல் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 100 கிராம் வெண்டை விதையில் சுமார் 1,500 விதைகள் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 ரூபாய்க்கு வாங்கிய விதை நூற்றுக்கு நாற்பது முளைத்தால் ஒரு ரூபாய்க்கு ஆறு நாற்றுகள் கிடைக்கும். 150 ரூபாய்க்கு வாங்கியது நூற்றுக்கு எண்பது முளைத்தால் ஒரு ரூபாய்க்கு எட்டு கிடைக்கும். எது மலிவு என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

சான்று விதைக்கு (அரசுச் சான்று பெற்றது) நீல அட்டையும், ஆதார விதைக்கு (சான்று விதையைப் பெருக்கப் பயன்படுவது) வெள்ளை அட்டையும் கட்டியிருப்பார்கள். உண்மைநிலை விதை என்று பச்சை அட்டையில் வருவதையும் வாங்கலாம், ஆனால் அதன் தரத்துக்கு விற்பவரே பொறுப்பு. எந்த அட்டையானாலும் ரகத்தின் பெயர், குவியல் எண் (எந்தத் தொகுப்பு விதை என்பதைக் காட்டும் எண்), முளைப்புத் திறன், பரிசோதனை நாள், காலாவதி நாள் ஆகியவற்றை நின்று படித்துவிட்டு, ரசீதும் கேட்டு வாங்குங்கள். வெண்டைக்கு 65, கத்தரிக்கு 70, தட்டைப்பயறு இனத்துக்கு 75 விழுக்காடு என்பவை சான்று விதைக்கான குறைந்தபட்ச முளைப்புத் திறன்கள்.

வாங்கிய பிறகும் நேரே குழியில் போட்டுவிடாதீர்கள். ஐம்பது விதைகளை எண்ணி, நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, பாய்போலச் சுருட்டி, நிழலில் வைத்துத் தினமும் நீர் தெளியுங்கள். ஒரு வாரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால், வெள்ளை வேர் நீட்டியவை எத்தனை, ஊதிப்போய்ப் பூசணம் பிடித்தவை எத்தனை என்று கண்ணுக்கு முன்னே தெரியும். நாற்பதுக்கு மேல் முளைத்திருந்தால் குழிக்கு ஒரு விதை போதும், முப்பதுதான் என்றால் இரண்டு வேண்டும். வெண்டைக்கு மூன்று சென்ட் ஒதுக்கினால், அதில் 45க்கு 30 சென்டிமீட்டர் இடைவெளியில் சுமார் 900 செடிகள் நிற்கும். நல்ல விதையாக இருந்தால், முளைக்காத குழிகளில் மறுபடி போடுவதற்கும் சேர்த்து 75 கிராம் போதுமானது.

மறுமொழி 2 – திருவட்டாறு அம்மாள்

மகளே, பயறுக்கும் புடலைக்கும் கடைப்பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. பயறு தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது என்பதால் ஆண்டுக்கு ஆண்டு ரகம் மாறாது. நோயில்லாத கொடியில் நடுப்பருவத்துக் காய்களைப் பறிக்காமல் விட்டு, தோல் காகிதம்போல் உலர்ந்து, அசைத்தால் உள்ளே விதை சலசலக்கும்போது எடுத்துக்கொள்ளுங்கள். வண்டு விழாமல் இருக்க, விதையின் மேல் மினுமினுப்பு ஏறும் அளவுக்கு மட்டும் ஆமணக்கெண்ணெய் தடவி, கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைக்கிறேன். அடுத்த கன்னிப்பூ (முதல் பருவ) நடவு வரைக்கும் ஒரு ஓட்டைகூட விழுந்ததில்லை.

புடலையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக இருப்பதால், பக்கத்து வீட்டுப் பந்தலில் வேறு புடலை இருந்தால் கலந்துவிடும். ஆகவே விதைக்கென்று நிற்கும் பெண் பூவை மலர்வதற்கு முன்பே நூலால் கட்டி, பிறகு அதே கொடியின் ஆண் பூவை அதில் தொட்டு மகரந்தம் சேர்த்துவிட்டு மறுபடியும் கட்டிவிடுவேன். அந்தக் காய் முற்றிச் சிவந்து, நுனி பிளக்கும்போது உள்ளிருக்கும் சிவப்புச் சதையை மணலோடு பிசைந்து கழுவினால் விதை சுத்தமாகிவிடும். முதல் விதைக்கு அக்கம்பக்கத்தில் கேளுங்கள். நம் ஊரில் பத்து விதை தர மறுப்பவர்கள் மிகவும் குறைவு.

மறுமொழி 3 – தக்கலை தோட்டக்காரர்

மேலே இருவரும் சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். பாவைக்காயில் மட்டும் என் எண்ணம் வேறு. அதற்குப் பந்தல், கயிறு, உரம் என்று விதையைப் போலப் பல மடங்கு செலவு இருப்பதால், அங்கே விதையில் சிக்கனம் பார்ப்பது வீண். இரண்டு சென்டில் 2க்கு 1.5 மீட்டர் இடைவெளியில் 27 குழிகள்தான் வரும். குழிக்கு நான்கைந்து விதைகளை அள்ளிப் போடுவதற்குப் பதிலாக, மண்ணும் தொழுவுரமும் நிரப்பிய காகிதக் கோப்பைகளில் ஒவ்வொன்றாக முளைக்க வைத்து, குழிக்கு இரண்டு கன்று என்று நட்டால் 60 வீரிய ஒட்டு விதைகளிலேயே வேலை முடிந்துவிடும். அந்தக் காய்களிலிருந்து அடுத்த ஆண்டுக்கு விதை எடுக்க வேண்டாம். ஒட்டு ரகத்தின் குணங்கள் அடுத்த தலைமுறையில் சிதறிவிடும்.

வழுதலங்காய்க்குப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள். பிபிஐ 1 என்று அவர்களே வெளியிட்ட ரகம் உண்டு, உங்கள் ஊருக்கும் அருகில்தான். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சென்டுக்குச் சுமார் 225 நாற்றுகள் தேவைப்படும், அதற்கு இரண்டு கிராம் விதையே தாராளம். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விதை இருப்பைக் கேட்டுப் பார்க்கலாம். மருந்து பூசாத விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூசணங்களை அடக்கும் நன்மை செய்யும் பூசணம்) என்ற கணக்கில் கலந்து விதைத்தால், நம் மழையில் நாற்று அழுகுவது வெகுவாகக் குறையும். இளஞ்சிவப்புச் சாயமேறிய விதை ஏற்கெனவே பூசணக்கொல்லி பூசப்பட்டது. அதைக் குழந்தைகளும் கோழிகளும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேட்டவரின் பதில் – குலசேகரம் வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பயறு விதை எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு கைப்பிடியும், புடலை என் தாய் வீட்டிலிருந்து பன்னிரண்டும் கிடைத்துவிட்டன. வெண்டையைப் பச்சை அட்டையுடன், காலாவதி நாள் பார்த்து, ரசீதோடு வாங்கினேன். பாவைக்காய்க்கு மட்டும் ஒட்டு விதை எடுத்தேன். இன்னும் 600 ரூபாய்க்கு மேல் மீதமிருக்கிறது, அதைப் பந்தல் கயிற்றுக்கு வைத்துக்கொள்கிறேன். துண்டில் சுருட்டிய ஐம்பது வெண்டை விதைகளை இன்று காலை பிரித்து எண்ணினேன்: நாற்பத்திரண்டு முளைத்திருந்தன. வழுதலங்காய் விதைக்காகத் திங்கட்கிழமை பேச்சிப்பாறை செல்கிறேன்.