தேரூர் குளத்துல காலை வெயில் முதுகுப் பக்கம் விழுற கரை எது?

வணக்கம் மக்களே, நான் நாகர்கோவில்காரன். ஆறு மாசமா ஞாயிறு விடிஞ்சா கேமராவைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன். கையில இருக்கிறது பழைய கேனானும் 70-300 லென்ஸும்தான்.

போன வாரம் தேரூர் குளம். ராம்சார்ங்கிற உலக அளவிலான சதுப்புநிலப் பட்டியல்ல 2022-ல வந்த இடம், ஆனா நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு அது வெறும் குளம்தான்! தாமரை இலை மேல ஒரு இலைக்கோழி, அந்த நீள விரலை விரிச்சு விரிச்சு வச்சு நடக்குது. இலை லேசா அமுங்கி ஓரத்துல தண்ணி ஏறுது. மூச்சைப் பிடிச்சு முப்பது படம் எடுத்தேன். வீட்டுல வந்து பார்த்தா வெயில் எதிர்ல இருந்ததால கோழி மொத்தமும் கறுப்பு. எக்ஸ்போஷரைக் கூட்டினா தண்ணி வெளுத்துப் போகுது.

அங்க அடிக்கடி போற அண்ணன்மார் யாராவது, காலை ஏழு மணிக்கு எந்தக் கரையில நிக்கலாம்னு சொல்லுங்க. பைக் விட இடம் இருக்கா?

அடுத்து புத்தளம் உப்பளம். பூநாரை, கூழைக்கடா பார்க்க ஆசை. வரப்புல இறங்க யார்கிட்ட அனுமதி கேக்கணும்? வேலை பார்க்கிறவங்களுக்கு இடைஞ்சலா போய் நிக்க மனசில்ல.

இன்னொண்ணு, ஆறு கடல்ல சேர்ற மணக்குடி பொழிமுகம் போய் வந்ததுல இருந்து ஜூம் வளையம் நறநறன்னு திரும்புது. கடையில காட்டினா புது லென்ஸ் வாங்கச் சொல்றாங்க. உப்புக் காத்துக்கு நீங்க என்ன செய்றீங்க?

வர்ற ஞாயிறு கூட வர்றவங்க இருந்தாலும் சொல்லுங்க. டீ என் செலவு.