சம்பளமில்லா லீவில நிக்கிற ஏர்லைன் பைலட் சார்ட்டர் கொம்பனிக்குப் போகேலுமோ?

அக்கராயன்:
வணக்கம். தம்பி வளைகுடா ஏர்லைன் ஒண்டில ஏ320 ஃபெர்ஸ்ட் ஒஃபிசர், அதாவது துணை விமானி. சம்பளமில்லா லீவு குடுத்து அனுப்பிப்போட்டாங்கள், திரும்பக் கூப்பிடுற திகதி சொல்லேல்லை. இப்ப கிளிநொச்சியில நிக்கிறான். மொத்தம் 1,900 மணித்தியாலம், லைசென்ஸ் இலங்கையது. இரத்மலானையில இருக்கிற சார்ட்டர் கொம்பனியளில (சின்ன விமானத்தை வாடகைக்கு ஓடுறவை) கேட்டுப் பாக்கலாமெண்டு யோசிக்கிறம். மணித்தியாலம் காணுமோ? என்ன கடிதங்கள் வேணும்? பொண்ட் (இடையில விட்டிட்டுப் போனா காசு கட்டுவன் எண்ட ஒப்பந்தம்) கேப்பாங்களோ?

வவுனிக்குளம்:
மொத்தம் காணும். ஆனா சார்ட்டர்காரர் லொக்புக்கை (பறப்புக் குறிப்பேட்டை) திறந்தா முதல் பாக்கிறது மொத்தத்தை இல்லை, பி.ஐ.சி. நிரலை, அதாவது தானே பொறுப்பான விமானியா ஓடின மணித்தியாலத்தை. ஏர்லைனில வலப்பக்க சீற்றில இருந்து ஓடினது அந்த நிரலில ஏறாது. ஏ.டி.பி.எல். (ஏர்லைன் கப்டனுக்கு வேண்டிய லைசென்ஸ்) எடுக்க சர்வதேச விதிப்படி 1,500 மணித்தியாலம் வேணும். அதுக்குள்ள பி.ஐ.சி. 250 இருக்கோணும், இல்லாட்டி பி.ஐ.சி. 70 இருந்து மிச்சத்தை கப்டன்ர மேற்பார்வையில பி.ஐ.சி.யாச் செய்திருக்கோணும். இரவுப் பறப்பு 100, கருவிப் பறப்பு (வெளியில பாக்காமல் கருவியளைப் பாத்து ஓடுறது) 75. ஒவ்வொண்டையும் தனித்தனியாக் கூட்டி ஒரு பக்கத்தில எழுதி, சீவியோடை குடுக்கச் சொல்லுங்கோ. கூட்டிப் பாக்கிற வேலையை அவையளின்ர தலையில போட்டா கோப்பு அப்பிடியே கிடக்கும்.

கடிதங்களை இப்பவே எடுங்கோ, ஏர்லைன் உயிரோடை இருக்கேக்கையே. மணித்தியாலத்தை உறுதிப்படுத்தி முத்திரை குத்தின கடிதம், கடைசி சிமியுலேட்டர் செக் படிவத்தின்ர பிரதி, வெளியில வேலை செய்ய ஆட்சேபனை இல்லையெண்ட கடிதம், மூண்டும். கொம்பனி இழுத்து மூடினாப் பிறகு லொக்புக்குக்குச் சாட்சி சொல்ல அங்கை ஆள் இராது, சிவில் விமான சேவைகள் அதிகார சபையும் வெறும் கையெழுத்தை நம்பாது.

முதலாம் வகுப்பு மெடிக்கல் 12 மாசம். தனியப் பைலட்டா பயணியளை ஏத்தி ஓடுறதெண்டா 40 வயசுக்குப் பிறகு 6 மாசம்தான். 90 நாளுக்குள்ள 3 ரேக்ஓஃப், 3 லாண்டிங் இல்லாட்டி பயணியளை ஏத்தேலாது. லீவில இருக்கிற ஆளுக்கு அது எப்பவோ முடிஞ்சிருக்கும்.

முறிகண்டி:
மேல சொன்னது கடதாசிப் பக்கம். தேர்வுப் பறப்பில ஏர்லைன் ஆக்கள் வழுக்கிறது வேற இடத்தில.

ஏ320இல ஸ்ராட் பிழைச்சா கம்பியூட்டரே நிப்பாட்டிப்போடும். சார்ட்டர்காரர் ஓடுற செஸ்னா கரவான் மாதிரிச் சின்ன விமானத்தில அது உங்கட கைவேலை. முதல் பற்றரி 24 வோல்ட் இருக்கோ பாக்கோணும். ஸ்ராட்டரைப் போட்டு என்ஜி (எஞ்சின் சுத்துற வேகம்) 12 வீதத்துக்கு மேல நிலைச்சு நிண்ட பிறகுதான் எரிபொருளைத் திறக்கிற கொண்டிஷன் லீவரை லோ ஐடிலுக்குத் தள்ளுறது. கண் ஐ.டி.டி. (ரேர்பைன் வெப்பநிலை) முள்ளை விட்டு அசையக்கூடாது. முள்ளு 1,090 பாகையை நோக்கிக் கடகடவெண்டு ஏறினா யோசிக்காமல் லீவரைக் கட்ஓஃபுக்கு இழுத்து எரிபொருளை நிப்பாட்டோணும். பற்றரி சோர்ந்து கிடக்க, பொறுமையில்லாமல் 12க்கு முன்னமே எரிபொருளைத் திறந்தா காத்துக் காணாது, ரேர்பைன் வெந்துபோம். அந்த ஒரு ஸ்ராட்டின்ர செலவு கொம்பனிக்கு ஒரு சீசன் வருமானம்.

இன்னொண்டு: லோட் சீற் (பாரக் கணக்குத் தாள்) ஒருத்தரும் கொண்டந்து தரமாட்டினம். பயணியையும் பையையும் தராசில வைச்சு நிறுக்கிறது, சாமானை முன்னுக்கிருந்து அடுக்கிறது, எரிபொருளில கொஞ்சம் வடிச்சு அதில தண்ணி நிக்குதோ பாக்கிறது, எல்லாம் பைலட்டே. பின்பக்கம் மட்டும் ஏத்தினா கரவான் நிலத்திலயே வாலில குந்தும்.

தண்ணியிலும் இறங்கிற, மிதவை பூட்டின விமானமெண்டா இன்னும் கவனம். ஏர்லைனில இறங்க முதல் எப்பவும் ‘கியர் டவுண்’, சில்லை இறக்கிறது. தண்ணியில அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும். சில்லு வெளியில நிக்கத் தண்ணியில தொட்டா விமானம் தலைகுப்புறப் பிரளும். நீல வெளிச்சம் நாலும் எரிஞ்சா சில்லு உள்ளுக்கு, அது தண்ணிக்கு; பச்சை நாலும் எரிஞ்சா சில்லு வெளியில, அது ஓடுபாதைக்கு. இறங்கிற ஒவ்வொரு முறையும் எங்கை இறங்கிறம், சில்லு எந்த நிலையில எண்டு வாய்விட்டுச் சொல்லோணும். காத்தில்லாத விடியப்புறம் இரணைமடுக் குளம் கண்ணாடியாக் கிடக்குமே, அந்த மாதிரித் தண்ணியில உயரம் கண்ணுக்குத் தெரியாது. கரையை ஒட்டி வந்து, மூக்கை ஒரு நிலையில வைச்சு, நிமிசத்துக்கு 150 அடியளவில பவரோடை இறக்கி, தானாத் தொடுமட்டும் அப்பிடியே பிடிக்கோணும். கண்ணை நம்பி ஃபிளேர் பண்ண (தொட முதல் மூக்கைத் தூக்க) வெளிக்கிட்டா விழுகைதான்.

அக்கராயன்:
நன்றி அண்ணாமார். வவுனியாவில, இரணைமடுவில ஓடுபாதை இருக்குத்தானே, இங்கை கிட்ட ஒண்டும் வராதோ?

ஏ9 வீதி:
ரெண்டும் விமானப்படையின்ர. வன்னியில சிவில் வேலை இல்லை. பலாலிக்குச் சென்னையிலயிருந்து ஏ.டி.ஆர். 72 வருது, அது ஏர்லைன், சார்ட்டர் இல்லை. சார்ட்டரில இரவு போன் அடிச்சு விடியப் பறக்கச் சொல்லுவினம், கிளிநொச்சியிலயிருந்து ரயிலேறிப் போய்ப் பிடிக்கேலாது. கல்கிசை, இரத்மலானைப் பக்கம் அறை எடுக்கிற செலவையும் சம்பளத்தில கழிச்சுப் பாருங்கோ.

பொண்ட் கேக்கிறது ஞாயம்தான். ஏர்லைன் கூப்பிட்டா ஆள் போயிடும் எண்டு அவையளுக்குத் தெரியும். கழிஞ்ச மாசத்துக்கு ஏத்தமாதிரித் தொகை குறையிற பொண்டெண்டா கையெழுத்து வைக்கலாம். கடைசி நாள்மட்டும் முழுத்தொகை, இல்லாட்டி முன்காசு கட்டினாத்தான் பறக்கலாம் எண்டா வேண்டாம். சில கொம்பனியள் பழைய ஏர்லைனில ராஜினாமாக் கடிதம் குடுத்திட்டு வரச் சொல்லும். அதுக்கு மட்டும் ஓமெண்டக்கூடாது, சீனியோரிட்டி இலக்கம் (சேவை மூப்பு வரிசையில உள்ள இடம்) போனா திரும்ப அடியிலயிருந்துதான். மாலைதீவையும் பாருங்கோ, அங்கை ருவின் ஒட்டர் கடல்விமானங்களுக்கு ஃபெர்ஸ்ட் ஒஃபிசர் எடுக்கிறவை. மிதவை ரேற்றிங்கும் (மிதவை விமானம் ஓட்ட லைசென்ஸில குத்திற அனுமதி) அங்கத்தைய அதிகாரசபையின்ர அங்கீகாரமும் வேணும்.