மேப்பிள் சாறு எடுக்க எந்தக் குழாய், எந்த வாளி?

வணக்கம், ஒன்டாரியோவில பீட்டர்பரோ பக்கம் எங்கட பின்வளவில நாலு சுகர் மேப்பிள் (இனிப்புச் சாறு தாற மரம்) நிக்குது, மார்ச்சில இரவு உறைஞ்சு பகல் இளகேக்க சாறு எடுத்துப் பாப்பம் எண்டு ஆசை. மரத்தில ஓட்டை போட்டுச் செருகிற குழாய் 7/16 இஞ்சியா 5/16 இஞ்சியா வாங்கிறது? சின்ன ஓட்டை எண்டா மரத்தில காயம் கெதியா ஆறுமாம், ஆனா நான் பாத்த சின்னக் குழாயள் டியூப்புக்குத்தான், வாளி கொழுவக் கொக்கி இல்லை.

தெரிஞ்ச ஒராள் பழைய தகர வாளி மலிவாத் தாறார், மூட்டில ஈயம் (lead) வச்சு ஒட்டியிருப்பினமோ எண்டு பயமாக் கிடக்கு, 40 லீட்டரைக் காய்ச்சி 1 லீட்டர் சிரப்பாக்கேக்க அந்த ஈயமும் சேந்தெல்லோ இறுகும். அப்ப சாப்பாட்டுப் பிளாஸ்டிக் வாளியே போதுமோ?

மூடி தட்டையா கூரை மாதிரியா நல்லம்? ஊரில பனையில மூடியில்லாத முட்டியைப் பாத்து வளந்த ஆள் நான், இஞ்ச மழைத்தண்ணி விழுந்தா காய்ச்சிற விறகெல்லோ கூடப் போகும். பாவிச்சவை சொல்லுங்கோ.