புதுத்தண்ணீரும் பிளீச்சிங் வாசமும்: உங்கள் ஊரில் எப்படி?

மயிலாடுதுறை பக்கம்:
போன ஆடி. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த மூன்றாம் நாள், டபராவை வாயில் வைத்த அம்மா, "ஏண்டி, காப்பித்தூள் போட்டியா, பிளீச்சிங் பவுடர் போட்டியா?" என்றார்.

தொட்டி ஆபரேட்டர் அண்ணனைப் பிடித்தேன். "சருகும் சேறுமா வருதும்மா. போடுற குளோரினை அதுவே தின்னுடுது, கூட்டித்தான் போட்டேன்" என்றபடி, தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டினார். பளிச்சென்று மஞ்சள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் நின்றாலே போதுமாம். அதைத் தாண்டியே நின்றது.

சரி, இரவெல்லாம் குடத்தைத் திறந்து வைத்தேன். காலையில் வாசமே இல்லை. பெருமையாகச் சொன்னால், வேதியியல் படிக்கும் அண்ணன் மகன் சிரிக்கிறான். "வாசம் குளோரினோடது அத்தை. சருகுச் சாறும் குளோரினும் சேர்ந்தா டிரைஹாலோமீத்தேன்னு உடம்புக்கு ஆகாத வேதிப்பொருள்கள் வரும், குளோரோஃபார்மும் அதுல ஒண்ணு. இந்த அளவுல அது மூக்குக்குத் தெரியாது." 1974-லேயே ஹாலந்தில் ரூக் என்பவர் இதை எழுதிவிட்டாராம். இப்போது மூடாமல் கொதிக்கவிடுகிறேன், ஆவியோடு பெரும்பாலும் போய்விடும் என்றான். கேஸ்தான் கரைகிறது.

வேதாரண்யம்:
எங்களுக்கு உப்பு வேறு. கடல் உப்பில் புரோமைடு உண்டு. அது கலந்த நிலத்தடி நீரில் குளோரின் விழுந்தால் அதே குடும்பத்துப் புரோமோஃபார்ம் வகையறா கூடும். ஐ.எஸ். 10500 என்னும் இந்தியக் குடிநீர்த் தரத்தில் குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மி.கி. வரை இடமுண்டு, புரோமோஃபார்முக்கு 0.1 தான். குழாய்த் தண்ணீரும் நெடுந்தூரம் வருகிறது. குளோரினோடு கிடக்கும் நேரம் கூடக்கூட இந்தச் சமாசாரமும் கூடும். பரிசோதனை அறிக்கை கேட்டேன். உப்பு, கடினத்தன்மை எல்லாம் இருந்தது, இது மட்டும் இல்லை.

பணி ஓய்வு பெற்ற ஆபரேட்டர், திருவாரூர் பக்கம்:
பயந்துபோய் பவுடரைக் குறைக்கச் சொல்லிவிடாதீர்கள், தாயி. ஒரு ஐப்பசியில் மூட்டை நமுத்து வீரியம் போனது தெரியாமல் வழக்கமான அளவையே போட்டேன். ஒரே தெருவில் நாலு வீட்டில் வாந்திபேதி. ஒரு பாட்டியை ஆட்டோவில் ஏற்றியது இன்னும் கண்ணில் நிற்கிறது. கலங்கல் தண்ணீரில் நேராகப் பவுடரைக் கொட்டுவதுதான் தப்பு. படிகாரம் கரைத்துவிட்டு, சேறு அடியில் படிந்து மேல்தண்ணீர் தெளிந்த அப்புறம் போட்டால் பாதிப் பவுடரே போதுமாக இருந்தது, எனக்கு. உங்கள் ஆபரேட்டர் அண்ணனிடம் தெளியவைக்கத் தொட்டி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.